கூட்டம் நிறைந்த மண்டபத்தில் முகக்கவசம்

மருத்துவம்: வாசகர் கேள்வி, பதில்

புரட்டாசி இடைவெளி முடிந்து ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்கான பத்திரிகைகள் வீடு வீடாக வந்துகொண்டிருக்கின்றன. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: கட்டாயம் ஏதும் இல்லாத இந்நாளில், கூட்டம் நிறைந்த மண்டபத்துக்குப் போகும்போது முகக்கவசம் அணிவதா, வேண்டாமா? எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்குக் கிடையாது. போகிறவரின் உடல்நிலை, திரும்பி வரும் வீட்டில் இருப்பவர்களின் உடல்நிலை, அந்த இடத்தின் காற்றோட்டம் ஆகிய மூன்றையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 52. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுகிறார். ஐப்பசியில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். இவர் தாய்மாமன் என்பதால் மேடையில் நின்றே ஆக வேண்டும். குளிர்சாதன மண்டபம், ஆயிரம் பேருக்குக் குறையாமல் வருவார்கள். "முகத்தை மூடிக்கொண்டு வந்து நின்றால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?" என்று மாமியார் வருத்தப்படுகிறார். போகலாமா? முகக்கவசம் மட்டும் போதுமா?
– கும்பகோணம் வாசகி

பதில்: போகலாம், அம்மா. என்95 வகை முகக்கவசத்தை முகத்தோடு பொருந்தும்படி அணிந்துகொண்டு, மண்டபத்துக்குள் இருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு, சாப்பாட்டைப் பற்றி முன்கூட்டியே ஒரு முடிவு செய்துகொண்டு போக வேண்டும். பலரும் முதலாவதை மட்டும் செய்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபுளூ காய்ச்சல், கோவிட், காசநோய், தட்டம்மை ஆகியவற்றின் கிருமிகள் நோயாளியின் மூச்சிலும் பேச்சிலும் வெளிப்படும் நுண்துளிகளில் ஏறி வருகின்றன. பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை விழுவதில்லை. காற்றோட்டம் குறைந்த அறையில் நெடுநேரம் மிதக்கும். தட்டம்மைக் கிருமி, நோயாளி அறையைவிட்டு வெளியேறிய பிறகும் 2 மணி நேரம் வரை அங்கே வருகிறவருக்குத் தொற்றக்கூடும். நம் பக்கத்துக் கல்யாணங்கள் தெருவை அடைத்துப் போட்ட கீற்றுப் பந்தலில் நடந்த காலத்தில் இந்தத் துளிகளைக் காற்றே அடித்துக்கொண்டு போனது. இன்றைய மண்டபங்கள் பலவற்றில் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்ப்ளிட் ஏ.சி., உள்ளே இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்து மீண்டும் உள்ளேயே விடுகிறது; வெளிக்காற்றை அது கொண்டுவருவதில்லை. குளிர் போய்விடக் கூடாது என்று கதவு, சன்னல்களையும் சாத்திவிடுகிறார்கள். அறை குளிர்ச்சியாக இருப்பதால் காற்று சுத்தமாக இருக்கிறது என்று நாம் நம்பிவிடுகிறோம்.

இதன் விளைவுக்கு நன்கு ஆராயப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகரில், சன்னல் இல்லாத குளிர்சாதன உணவகம் ஒன்றில், அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்கள் மதிய உணவு சாப்பிட்டன. அவர்களில் ஒரு குடும்பம் வூஹானிலிருந்து வந்தது. அடுத்த இரு வாரங்களுக்குள் அந்த மூன்று குடும்பங்களில் மொத்தம் 10 பேருக்குக் கோவிட் உறுதியானது. ஏ.சி. சுழற்றிய காற்றின் வழியில் இல்லாத மற்ற மேசைக்காரர்கள் தப்பினார்கள். வெளிக்காற்று மிகக் குறைவாகவே அங்கே வந்துகொண்டிருந்தது என்பதைப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது.

உங்கள் கணவர் சாப்பிடும் இரு மாத்திரைகளும், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடாதபடி நோய் எதிர்ப்பு ஆற்றலை வேண்டுமென்றே தாழ்த்தி வைப்பவை. மற்றவர்களுக்கு மூன்று நாள் காய்ச்சலோடு போகும் ஃபுளூ, அவருக்கு நுரையீரல் அழற்சி வரை போகக்கூடும். தடுப்பூசி போட்டாலும் அவருடைய உடல் முழு அளவில் எதிர்ப்பாற்றலை உண்டாக்குவதில்லை. அதற்காகத் தடுப்பூசியை விட்டுவிட வேண்டாம். செயலிழக்கச் செய்த கிருமியைக் கொண்ட ஃபுளூ ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா என்று சிறுநீரக மருத்துவரிடம் கேட்டு, கல்யாணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பாவது போட்டுவிடுங்கள். அது வேலை செய்ய அவ்வளவு காலம் வேண்டும். தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஃபுளூ கூடுவது வழக்கம் என்பதால் ஐப்பசிக் கல்யாணத்துக்கு இது மிகவும் பொருத்தம். அண்மையில் நிராகரிப்புக்காக ஸ்டீராய்டு ஊசிகள் போட்டிருந்தாலோ மாத்திரை அளவைக் கூட்டியிருந்தாலோ, கல்யாணத்துக்கே போக வேண்டாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் தயவுசெய்து கேளுங்கள்.

இனி முகக்கவசம். என்95 என்பது 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுப்பது. மருந்துக்கடையில் எஃப்.எஃப்.பி.2 என்ற பெயரில் கிடைப்பதும் ஏறக்குறைய இதே தரம்தான். அதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 9473 உறையில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதன் உள்ளே இருக்கும் மெல்லிய பாலிப்ரொப்பிலீன் அடுக்குக்கு நிலைமின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கிறது. இழையின் இடுக்கைவிடச் சிறிய துகளையும் அது இழுத்துப் பிடித்துக்கொள்வது அதனால்தான். சோப்புப் போட்டுத் துவைத்தால் அந்த மின்னூட்டம் போய்விடும். பார்வைக்கு வெள்ளையாக இருக்கும், பயன் குறைந்துவிடும். நீல நிற மூன்றடுக்குக் கவசம் கன்னத்தின் இரு பக்கமும் இடைவெளி விடுகிறது. வடிகட்டாத காற்று அந்த வழியாகவே உள்ளே போகும். தோளில் போட்ட துண்டும் முந்தானையும் உங்கள் கணவரின் நிலையில் இருப்பவருக்குப் போதவே போதாது.

பொருத்தத்தை வீட்டிலேயே சோதித்துவிடலாம். கவசத்தை அணிந்து, மூக்கின் மேலிருக்கும் உலோகப் பட்டையை இரு கை விரல்களாலும் ஒரே நேரத்தில் மூக்கெலும்போடு அழுத்தி வளைத்துக்கொண்டு, பலமாக மூச்சு விடச் சொல்லுங்கள். கண்ணுக்குக் கீழோ தாடை ஓரத்திலோ காற்று கசிந்தால் கையில் தெரியும். மூக்குக் கண்ணாடி ஆவி படிந்து மங்கினால் மேல்பக்கம் பொருந்தவில்லை என்று பொருள். காதில் மாட்டும் வகையைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டைகள் போகும் வகை நன்றாகப் பிடிக்கும். தாடி வைத்திருந்தால் எந்தக் கவசமும் சரியாக ஒட்டாது; தாய்மாமன் எப்படியும் அன்று காலை முகச்சவரம் செய்துகொள்வார் என்பது இங்கே வசதியாகப் போயிற்று.

நேரத்தைப் பற்றி: முதல் நாள் மாலை வரவேற்பைத் தவிர்த்துவிட்டு முகூர்த்தத்துக்கு மட்டும் போகச் சொல்வேன். வரவேற்பில்தான் மேடைக்குக் கீழே மணிக்கணக்கில் வரிசை நிற்கிறது. மெல்லிசைக் குழுவின் சத்தத்தில் ஒருவர் காதுக்குள் ஒருவர் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. உரத்த பேச்சு மெதுவான பேச்சைவிடப் பல மடங்கு துளிகளை வெளியே தள்ளும். முகூர்த்த நேரத்தில் அவர் மேடையில் நிற்க வேண்டியது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மாலையும் சீரும் கொடுத்து, அட்சதை போட்டு, ஆசீர்வாதம் செய்துவிட்டு வாசல் பக்கத் திண்ணைக்கோ பந்தலுக்கோ வந்து உட்கார்ந்துகொள்ளலாம். உறவினர்கள் அங்கேயே வந்து அவரோடு பேசட்டும்.

பந்தியில் முகக்கவசத்தைக் கழற்றாமல் சாப்பிட வழியில்லை. நம் மண்டபங்களில் சாப்பாட்டுக் கூடம் பெரும்பாலும் கீழ்த்தளத்தில், தாழ்வான கூரையோடு, மேலே இருக்கும் கூடத்தைவிடக் காற்றோட்டம் குறைந்ததாக இருக்கிறது. எழுந்திருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் நின்றுகொண்டிருக்கிறார். மூன்று மணி நேரம் கவசம் அணிந்து காத்ததை இந்த இருபது நிமிடத்தில் இழந்துவிடக் கூடாது. வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவது மிகவும் நல்லது. முடியாவிட்டால், கூட்டம் சேருமுன் முதல் பந்தியில், சன்னலோரம் அல்லது வாசலோரம் உட்கார்ந்து, பேச்சில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடலாம். சமையற்காரரிடம் சொன்னால் இலைச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுப்பார்கள்.

உங்கள் மாமியாரின் வருத்தம் நியாயமானதே. மகள் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று அவர் நினைக்கிறார். சர்க்கரை நோயாளி ஒருவர் இலையில் பாயசம் வேண்டாம் என்று கையை மறித்தால் பரிமாறுகிறவர் கோபித்துக்கொள்வதில்லை; உடம்புக்கு ஆகாது போலும் என்று அடுத்த இலைக்குப் போய்விடுகிறார். இதையும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள், முன்கூட்டிச் சொல்லிவிட்டால். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் நாத்தனார் மூலமாகச் சம்பந்தி வீட்டாருக்குத் தெரிவித்துவிடுங்கள்: "மாமாவுக்குக் கிட்னி மாற்றியிருக்கிறது, டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், முகக்கவசத்தோடுதான் நிற்பார்." நான் பார்த்தவரையில், காரணம் சொன்னால் நம் மனிதர்கள் தாங்களே காவலுக்கு நிற்பார்கள். தும்முகிற பிள்ளையை "மாமா பக்கத்தில் போகாதே" என்று இழுத்துக்கொள்கிற பெரியம்மாவை எந்த மண்டபத்திலும் பார்க்கலாம்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால், அன்றைக்கே சிறுநீரக மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஃபுளூவுக்கான ஒசெல்டாமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பயன் தரும். கடையில் தானாக எதையும் வாங்கிச் சாப்பிட வேண்டாம். குறிப்பாக, கோவிட் மருந்துகளில் ஒன்றான ரிட்டோனாவிர் கலந்த மாத்திரை, இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஆபத்தான உயரத்துக்கு ஏற்றிவிடும்.

கேள்வி: எனக்குப் பிறந்து 45 நாள் ஆன பேரன் இருக்கிறான். அவனுடைய சித்தப்பா கல்யாணம். குழந்தைக்குச் சிறிய முகக்கவசம் கிடைக்குமா?
– மன்னார்குடி வாசகி

பதில்: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முகக்கவசம் அணிவிக்கவே கூடாது, மூச்சுத் திணறினால் அதனால் கழற்றவோ சொல்லவோ முடியாது. கவசம் அணிய வேண்டியவர்கள் குழந்தையைத் தூக்குகிறவர்கள்தான். பேரனுக்கு ஆறாவது வாரத்தில் போட வேண்டிய முதல் ஊசி போட்டாகிவிட்டதா என்று பாருங்கள். கக்குவான் இருமலுக்கான பாதுகாப்பு அதிலிருந்துதான் தொடங்குகிறது. தட்டம்மைக்கான ஊசி ஒன்பது மாதம் முடிந்த பிறகே போடப்படும். ஃபுளூ ஊசி ஆறு மாதத்துக்கு முன் கிடையாது. ஆகவே இந்தப் பருவத்தில் குழந்தைக்குச் சுற்றியிருப்பவர்களே பாதுகாப்பு. பெண் வீட்டார் அறைக்குள் படுக்க வைத்தால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். மண்டபத்திலேயே கூட்டம் அதிகமாக அடைந்திருப்பது பெரும்பாலும் அந்த அறையில்தான். தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் கொண்டுவந்து காட்டிவிட்டு, தாயோடு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். முத்தம் கொடுக்க வருகிறவர்களை, எவ்வளவு நெருங்கிய உறவானாலும், பாட்டியாகிய நீங்கள் தடுக்கலாம். உங்களைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்ல முடியாது.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 68. சர்க்கரையும் இழுப்பும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் திருவையாறு ஆராதனையில் கோஷ்டியில் அமர்ந்து பாடுகிறேன். அதற்கு முன் ஒரு மாதம், நண்பர் வீட்டில் இருபது பேர் கூடிப் பயிற்சி செய்வோம். பாடும்போது முகக்கவசம் அணிய முடியவில்லை. ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிடும்படி மகன் சொல்கிறான்.
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: மகனின் அக்கறை புரிகிறது. ஆனால் அவர் அஞ்ச வேண்டிய இடம் ஆராதனைப் பந்தல் அல்ல, உங்கள் பயிற்சி அறை. ஆராதனை ஆற்றங்கரையில் போட்ட பந்தலில் நடக்கிறது. தை மாதக் காலைக் காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் பாடினாலும் அங்கே மூச்சுக் காற்று தேங்குவதில்லை. மார்கழிக் குளிருக்காகச் சன்னலைச் சாத்திய கூடத்தில் இருபது பேர் இரண்டு மணி நேரம் பாடுவதோ வேறு விஷயம்.

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் என்ற ஊரகப் பகுதியில், ஒரு பாடற்குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்திருந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்கு மட்டும் சளி போன்ற அறிகுறி இருந்தது. சில நாட்களுக்குள், அவரையும் சேர்த்து 53 பேருக்குக் கோவிட் வந்தது, அல்லது வந்திருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டது, இருவர் இறந்துபோனார்கள். உச்சஸ்தாயியில் நீண்ட மூச்செடுத்துப் பாடும்போது வெளிவரும் துளிகளும் மிகுதி, உள்ளே இழுக்கும் காற்றும் மிகுதி.

ஆகவே பயிற்சியை மாற்றியமையுங்கள். முற்றமும் தாழ்வாரமும் உள்ள பழைய வீடு ஒன்று உங்கள் குழுவில் யாரிடமாவது இருந்தால் அங்கே மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மொட்டை மாடி, அல்லது கோயில் வெளிப் பிராகாரம். வட்டமாக எதிரெதிரே உட்காராமல் ஒரே திசை பார்த்து உட்காருங்கள். தொண்டை கரகரக்கிறது என்று உணர்கிறவர் அன்று வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டைக் குழுவில் எல்லாரும் சேர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். பாடகர்கள் தொண்டைக் கரகரப்போடு சுக்கு மென்றுகொண்டு வந்துவிடுவதையே வைராக்கியமாகக் கருதுகிறார்கள். இந்த ஒரு பழக்கத்தை விட்டாலே பெரும்பகுதி ஆபத்து குறையும். ஃபுளூ ஊசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளுங்கள். இழுப்புக்கான இன்ஹேலரை ஆராதனைக்கு முந்திய வாரங்களில் ஒரு நாளும் தவற விடாதீர்கள். போகும் வழியில் கூட்டம் நெரியும் பேருந்தில் முகக்கவசம் அணியுங்கள். பாடும்போது கழற்றி வைத்துவிட்டு மனம் நிறையப் பாடுங்கள்.

கேள்வி: முகக்கவசத்தால் எந்தப் பயனும் இல்லை என்று உலகின் பெரிய ஆய்வே சொல்லிவிட்டதாக வாட்ஸ்அப்பில் வருகிறது. கோவிடோடு வந்து கோவிடோடு போன பழக்கத்தை ஏன் இன்னும் வலியுறுத்துகிறீர்கள்?
– மயிலாடுதுறை வாசகர், கல்லூரி மாணவர்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2023 ஜனவரியில் வெளியிட்ட தொகுப்பாய்வாக இருக்க வேண்டும். கைகழுவுதல், முகக்கவசம் முதலிய தடுப்பு முறைகளைப் பற்றிய 78 ஆய்வுகளை அது தொகுத்துப் பார்த்தது. "முகக்கவசம் அணியுங்கள்" என்று ஒரு கூட்டத்தாருக்குச் சொல்லி, கொடுத்து, ஊக்கப்படுத்தினால் அந்தக் கூட்டத்தில் நோய் குறைகிறதா என்பதே அதில் கேட்கப்பட்ட கேள்வி. கொடுத்ததை எத்தனை பேர் அணிந்தார்கள், எவ்வளவு நேரம் அணிந்தார்கள் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறியதால் உறுதியான முடிவுக்கு வர முடியவில்லை. "பயனில்லை என்று நிரூபித்துவிட்டது" என்று செய்தி பரவியபோது, அது தவறான பொருள்கோள் என்று 2023 மார்ச்சில் காக்ரேனின் தலைமை ஆசிரியரே விளக்கம் வெளியிட்டார். அந்த விளக்கம் வாட்ஸ்அப்பில் வந்து சேரவில்லை.

நம் மண்ணைப் போலவே நெல் விளையும் ஆற்றுப் படுகையான வங்கதேசத்தில், 2020 நவம்பரிலிருந்து 2021 ஏப்ரல் வரை 600 கிராமங்களில், மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் இலவசமாகக் கவசம் கொடுத்து, ஊர்ப் பெரியவர்களையும் இமாம்களையும் கொண்டு சொல்ல வைத்தார்கள். முகக்கவசம் அணிந்தவர்கள் 13 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாக உயர்ந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்போதும் அணியவில்லை. இருந்தும், மூன்றடுக்குக் கவசம் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு உறுதியான கோவிட் சுமார் 11 விழுக்காடு குறைந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களிடம் சுமார் 35 விழுக்காடு குறைந்தது. துணிக்கவசம் கொடுத்த கிராமங்களில் தெளிவான பயன் தெரியவில்லை. எந்தக் கவசம், யாருக்கு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இது கோவிடோடு வந்த பழக்கமும் அல்ல. 1910–11 குளிர்காலத்தில் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவி ஏறக்குறைய 60,000 பேர் மாண்டனர். அங்கே அனுப்பப்பட்ட இளம் மருத்துவர் வூ லியென் தே, அந்நோய் எலியிலிருந்து மட்டுமின்றி மனிதரின் மூச்சிலிருந்தே மனிதருக்குப் பரவுகிறது என்று கண்டு, பஞ்சும் வலைத்துணியும் அடுக்கிய முகக்கவசத்தை எல்லாருக்கும் பரிந்துரைத்தார். அதை ஏற்காமல் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி சில நாட்களில் அதே நோயில் இறந்தார். வூ பிறந்தது பினாங்கில், நம் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு காலத்தில் கப்பல் போய்க்கொண்டிருந்த அதே பினாங்கில்.

உங்களைப் போன்ற இருபது வயதுக்காரர், உடம்பு நன்றாக இருக்கையில், எல்லாக் கல்யாணத்துக்கும் முகக்கவசத்தோடு போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோவிட் இன்று 2021-இல் இருந்தது போல இல்லை. 2025 மே, ஜூன் மாதங்களில் கூட எண்ணிக்கை ஏறித் தானாக இறங்கியது. வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் அம்மாவோ டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாத்தாவோ இருந்தால் மட்டும் உங்கள் கணக்கு மாறிவிடும். அப்போது நீங்கள் அணிவது அவர்களுக்காக.

கேள்வி: லேசான சளிதான். சம்பந்தி வீட்டு நிச்சயதார்த்தம். முகக்கவசம் போட்டுக்கொண்டு போகலாமா?
– திருவாரூர் வாசகர்

பதில்: போக வேண்டாம். வீட்டில் அம்மை போட்டிருந்தால் வாசலில் வேப்பிலை செருகிவிட்டு விசேஷங்களுக்குப் போகாமல் இருப்பதை நம் ஊரில் யாரும் குறையாகச் சொல்வதில்லை. சளிக்கும் காய்ச்சலுக்கும் அதே மரியாதையைக் கொடுக்கலாம். தவிர்க்கவே முடியாது என்றால் என்95 அணிந்து, திறந்த இடத்தில் நின்று தாம்பூலம் மாற்றிக்கொண்டு, சாப்பிடாமல் திரும்பிவிடுங்கள். மூச்சு விடும் வால்வு வைத்த கவசம் உங்களுக்கு உதவாது. உங்கள் மூச்சு அதன் வழியாக வடிகட்டப்படாமல் வெளியே போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளி என்று விட்டுவிடாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய்க்கான சோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.

கேள்வி: முகக்கவசம் அணிந்தால் ஆக்சிஜன் குறையும் என்கிறார்களே?
– வலங்கைமான் வாசகி

பதில்: குறையாது. ஆக்சிஜன் மூலக்கூறு கவசத்தின் இழை இடைவெளியைவிட மிக மிகச் சிறியது. அறுவை அரங்கில் மருத்துவர்களும் செவிலியர்களும் மணிக்கணக்கில் அணிந்தே வேலை செய்கிறார்கள். புழுக்கத்தால் வரும் சங்கடத்தை மூச்சுத் திணறல் என்று நினைத்துக்கொள்வது இயல்பு; வெளியே வந்து சில நிமிடம் கழற்றி வைத்தால் சரியாகும். நுரையீரல் நோய் முற்றியவர்கள் மட்டும் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நாங்கள் சிறிய அளவில் கல்யாண மண்டபம் நடத்துகிறோம். மேலே ஏ.சி. கூடம், கீழே சாப்பாட்டுக் கூடம். வருகிறவர்களை முகக்கவசம் அணியச் சொல்ல எங்களால் முடியாது. எங்கள் பங்குக்கு என்ன செய்யலாம்?
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, ஐயா. ஒருவர் அணியும் கவசம் ஒருவரைக் காக்கும். நீங்கள் திறக்கும் ஒரு சன்னல் எல்லாரையும் காக்கும்.

முதலில் உங்கள் கூடத்தின் காற்றை அளந்து பாருங்கள். நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 4 விழுக்காடு கரியமில வாயு இருக்கிறது. வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. கூடத்தில் இந்த அளவு எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவுக்கு மற்றவர் விட்ட மூச்சு உள்ளே தேங்கியிருக்கிறது என்று பொருள். 800-க்குள் இருந்தால் நல்ல காற்றோட்டம். 1,500-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். 2,000 என்றால், உள்ளே இருப்பவர் இழுக்கும் ஏறக்குறைய 25 மூச்சில் ஒரு மூச்சு, வேறு யாரோ விட்ட மூச்சு. இதை அளக்கும் கையடக்கக் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு கரியமில வாயுவையே நேராக அளக்கும் என்.டி.ஐ.ஆர். உணரி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை வைத்து உத்தேசமாக ஓர் எண்ணைக் காட்டுகின்றன. வாங்கியதும் திறந்த வெளியில் வைத்துப் பாருங்கள், 420-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். பிறகு கூட்டம் நிறைந்த ஒரு முகூர்த்தத்தன்று மேடைக்கு அருகிலும், கடைசி வரிசையிலும், சாப்பாட்டுக் கூடத்தின் நடுவிலும் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் காற்று தேங்குகிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

அடுத்து, மேல்கூடத்தில் ஒரு பக்கச் சுவரின் உயரத்தில் வெளியேற்றும் விசிறிகளைப் பொருத்தி, எதிர்ப்பக்கச் சன்னல்களில் சிலவற்றைச் சற்றே திறந்து வையுங்கள். உள்ளிருக்கும் காற்றைத் தள்ளினால் மட்டும் போதாது, வெளிக்காற்று வர வழி இருக்க வேண்டும். குளிர்ச்சி கொஞ்சம் குறையும், மின் கட்டணம் கொஞ்சம் கூடும்; அதை மறைக்காமல் மண்டபம் பதிவு செய்ய வருகிறவர்களிடமே சொல்லுங்கள். ஹோமப் புகையால் கண் எரிகிறது என்று இப்போது புலம்புகிறவர்கள் இந்த மாற்றத்தை முதலில் வரவேற்பார்கள். ஐப்பசி மழையில் சாரல் அடிக்கிறது என்று சன்னல்களைச் சாத்திவிடும் பழக்கத்துக்கு, சன்னலுக்கு மேல் வெளிப்புறமாகத் தகரச் சாரல் தடுப்பு போட்டுவிடுவது நிரந்தரத் தீர்வு. ஒரு முகூர்த்தம் முடிந்து அடுத்த நிகழ்ச்சிக்காரர் வருமுன், ஏ.சி.யை நிறுத்தி எல்லாக் கதவுகளையும் அரை மணி நேரம் திறந்து போடுங்கள்.

கீழ்த்தளத்துக்குத்தான் அதிகம் செலவு செய்யச் சொல்வேன். அங்கேதான் எல்லாரும் முகக்கவசம் இன்றி இருக்கிறார்கள், வயதானவர்களும் கர்ப்பிணிகளும் உட்பட. பந்தி வரிசைகளுக்கிடையே இன்னும் ஓரடி இடம் விடுங்கள். காத்திருப்பவர்கள் உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்குப் பின்னால் நிற்காமல் வெளியே அமரும்படி வாசலில் பந்தல் போட்டு நாற்காலி வையுங்கள். சன்னலோரம் ஒரு வரிசையை முடியாதவர்களுக்கென்று ஒதுக்கி, பரிமாறுகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு முகக்கவசம் கொடுத்துவிடுங்கள், நாள் முழுக்க இலை இலையாகக் குனிந்து "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்கிறவர்கள் அவர்கள்தான்.